வேலியைப் பார்த்துவரப் போனவர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். அந்தத் தேத்தண்ணியில் இருந்தே தொடங்கலாம்.

2021இல் பால்மாவுக்கு நாங்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் ஒரு பக்கட், இல்லாவிட்டால் பிளேன்டீ. அந்த நாட்களில்தான் கொழும்புப் பிள்ளைகள் பலருக்கு, தாங்கள் குடிக்கும் பால் கடல் கடந்து வருகிறது என்பதே உறைத்தது. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஏதோ ஒரு வேலிக்குப் பின்னால், ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டியில் குடித்த மாட்டின் பால் அது. அந்த வேலியும் அந்தத் தொட்டியும் இப்போது பேசுகின்றன என்று பிள்ளைகள் எங்களிடம் வீடியோ காட்டுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பண்ணைக்காரரின் கைத்தொலைபேசிக்குச் செய்தி வருகிறது. வேலிக் கம்பி அறுந்தால் எந்தப் பக்கத்தில் என்று வரைபடத்தில் சிவப்பாகக் காட்டுகிறது. மாட்டின் கழுத்தில் பட்டி, அதற்குள் ஜிபிஎஸ்.

வீடியோக்கள் எல்லாவற்றிலும் ஒரே தொனி: இனி மனிதனுக்கு வேலை இல்லை. வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. வேலியையும் தண்ணீரையும் பார்த்துவருவது மிகப் பழைய தொழில். அதில் இரண்டு பாதி இருக்கிறது. ஒன்று போய்ப் பார்ப்பது, மற்றது பார்த்ததற்கு ஏதாவது செய்வது. கருவி முதல் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதி யாருடையது என்ற கேள்வி நூறு வருடத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. எங்கள் நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆட்களும் யானைகளும் சாகிற நிலைமை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அவுஸ்திரேலியா.

1859இல் விக்டோரியாவில் ஒரு பணக்காரர் வேட்டைக்கென்று கொஞ்சம் முயல்களைத் திறந்துவிட்டார். நாற்பது வருடத்துக்குள் அவை கண்டத்தின் பாதியைத் தின்று, மேற்கு அவுஸ்திரேலியாவின் வாசலுக்கு வந்துவிட்டன. ஆடு மாடுகளின் மேய்ச்சல் போய்விடும் என்ற பயத்தில் அந்த அரசு 1901இல் ஒரு வேலி கட்டத் தொடங்கியது. 1907இல் முடிந்தபோது முதலாம் இலக்க வேலியின் நீளம் மட்டும் 1,833 கிலோமீற்றர். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை ஒரு நேர்கோடு போட்டு, அதை நான்கு தரம் அடுக்கினாலும் இந்த நீளம் வராது. வேடிக்கை என்னவென்றால், கட்டி முடிக்க முன்னமே, 1902இலேயே, வேலிக்கு மேற்கே முயல் கண்டுவிட்டார்கள்.

கட்டியாயிற்று. யார் பார்ப்பது? மணல் மூடும், காட்டுத் தீ கம்பங்களை எரிக்கும், எமு பறவையும் கங்காருவும் மோதும், யாராவது வாசலைத் திறந்துவிட்டுப் போவார்கள். ஆகவே எல்லைக் காவலர்களை வைத்தார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 100 மைல். போவதும் வருவதும் தைப்பதும்தான் வேலை. சைக்கிள் கொடுத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1910இல் மேற்பார்வைக்கு ஒரு மோட்டார்க் கார் வாங்கினார்கள், ரயர் காற்றுப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எது நின்று பிடித்தது தெரியுமா? இரண்டு ஒட்டகம் பூட்டிய வண்டி.

ஒட்டகம் அவுஸ்திரேலியாவுக்கு எப்படி வந்தது? 1860இல் பேர்க், வில்ஸ் என்பவர்களின் பயணத்துக்காக மெல்பேர்னில் ஒட்டகங்கள் இறங்கின. 1866இல் தோமஸ் எல்டர் என்பவர் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களைப் போட் ஒகஸ்டாவில் இறக்கினார். அவற்றோடு ஆட்களும் வந்தார்கள். பலூச்சிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர், ஆப்கானிஸ்தான் என்று பல ஊரவர். வெள்ளைக்காரர் எல்லோரையும் சேர்த்து ‘ஆப்கான்கள்’ என்றார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். அடிலெய்ட் முதல் டார்வின் வரை கண்டத்தைக் குறுக்காகப் பிளந்து போன தந்திக் கம்பிக்குச் சாமான் சுமந்தவர்களில் இவர்களின் ஒட்டகங்கள் உண்டு. அந்தத் தந்தி 1872இல் பேசத் தொடங்கியது. உள்நாட்டுப் பண்ணைகளுக்கு மா, சீனி, வேலிக் கம்பி, கிணறு தோண்டும் சாமான் எல்லாம் இவர்கள் முதுகெலும்பில் போனவை. அடிலெய்ட் பள்ளிவாசல் 1888, 89இல் இவர்கள் சேர்த்த காசில் எழும்பியது. இன்றும் தொழுகை நடக்கிறது.

இந்த வரலாற்றில் எங்களுக்குத் தொண்டையில் சிக்குகிற ஒரு விடயம் இருக்கிறது. முயல் வேலி தொடங்கிய அதே 1901ஆம் ஆண்டில்தான், அவுஸ்திரேலியா குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஐரோப்பிய மொழி ஒன்றில் சொல்வதெழுதுதல் வைத்து, வேண்டாதவரைத் திருப்பி அனுப்பலாம். ஒட்டகம் வேண்டும், ஒட்டகக்காரன் வேண்டாம். வேலியைப் பார்ப்பவனை வேலிக்கு வெளியே நிறுத்திய கதை. சமூகக்கல்விப் பாடத்தில் இதை யாரும் போடமாட்டார்கள், நாங்கள் வகுப்பில் சொல்லிவிடுவோம்.

இனி மின்சாரம். 1930களில் நியூசிலாந்தின் ஹமில்டன் பக்கத்தில் பில் கல்லகர் என்ற பண்ணைக்காரர். அவருடைய குதிரை ஜோ, காரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அவரை வெறுப்பேற்றியது. காரைத் தொட்டால் குதிரைக்குச் சின்னதாக ஒரு அதிர்ச்சி படும்படி வயரை இணைத்தார். குதிரை அதோடு விட்டது. அதில் இருந்து வேலிக்குப் போனார், 1938இல் கம்பனி தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அதே ஹமில்டனில் உள்ள ருவாகுரா ஆராய்ச்சி நிலையத்தில் டக் பிலிப்ஸ் என்பவர், புல் தொட்டாலும் மின் அழுத்தம் விழுந்துவிடாத வகையில் அந்தக் கருவியைத் திருத்தினார். அதன் பிறகுதான் மின்வேலி பல கிலோமீற்றர் ஓடத் தொடங்கியது.

மின்வேலியின் தத்துவம் எளிது. வினாடிக்கு ஒரு தரமளவில், சில ஆயிரம் வோல்ற்று, ஆனால் கண் இமைப்பதைவிடவும் மிகமிகக் குறைந்த நேரத்துக்கு. சுடும், கொல்லாது. முக்கியமான விடயம் வேறொன்று. கல்வேலியும் முள்வேலியும் ஊமை. விழுந்தால் போய்ப் பார்க்கும்வரை தெரியாது. மின்வேலி அப்படி இல்லை. கம்பி அறுந்தால், கொடி படர்ந்தால், வோல்ற்று விழும். அதை ஒரு முனையில் இருந்தே அளக்கலாம். இன்றைய உணரி அந்த வோல்ற்றை அளந்து அனுப்புகிறது, அவ்வளவுதான்.

தண்ணீருக்கும் அதே எளிமை. க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கே விளங்கும். ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் அடியில் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். தாங்கியின் அடியில் அழுத்தமானி ஒன்றைப் போட்டால் மட்டம் தெரிந்துவிடும். மேலிருந்து ஒலி அலையை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டும் அறியலாம். கஷ்டமாக இருந்தது செய்தியை அனுப்புவதுதான். காட்டுக்குள் தொலைபேசிக் கோபுரம் இல்லை, பற்றரி தாங்காது. பிரான்சின் கிரெனோபிளில் சிக்லியோ என்ற சிறிய கம்பனி, ‘லோரா’ என்ற வானொலி முறையை உருவாக்கியது. 2012இல் செம்டெக் அதை வாங்கியது. மிகச் சிறிய செய்தி, மிகக் குறைந்த மின்சாரம், வெட்டவெளியில் பல கிலோமீற்றர் தூரம். ஒரு பற்றரியில் வருடக்கணக்காக ஓடும். சங்கதி அதுதான்.

இது அவுஸ்திரேலியப் பண்ணைக்காரருக்கு ஏன் உயிர் போகிற விடயம்? அன்னா கிறீக் என்று ஒரு மாட்டுப் பண்ணை. எங்கள் வடமாகாணம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும். வெயில் நாளில் ஒரு மாடு 50 லீற்றருக்கு மேல் குடிக்கும். பால் கறக்கும் பசு என்றால் நூறையும் தொடும். குழாய்க்கிணற்றுப் பம்பி நின்றுவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிணமாக விழத் தொடங்கும். ஆகவே தொட்டி தொட்டியாகச் சுற்றிப் பார்த்து வருவதற்கென்றே ஆள் வைத்து, நாள் முழுக்க வாகனம் ஓட்டினார்கள். பெரும்பாலான நாட்களில் எல்லாம் சரியாகவே இருக்கும். சரியாக இருப்பதைப் பார்க்கவே எரிபொருள் எரித்தார்கள். அந்தச் செலவை உணரி மிச்சப்படுத்துகிறது. பிறகு கழுத்துப்பட்டி வந்தது. மாடு எல்லையை நெருங்கினால் ஒரு சத்தம், மீறினால் ஒரு சிறு அதிர்ச்சி. கம்பமும் இல்லை கம்பியும் இல்லை. அவுஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ இதில் நிறைய வேலை செய்தது. மாடு கொஞ்ச நாளில் சத்தத்துக்கே திரும்பப் பழகிவிடும் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் சிலரைப் பார்த்தால் மணிச் சத்தத்துக்கு அப்படித்தான்.

தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் சிலர் இதைப் பார்த்து, சின்னதாக ஒன்றைச் செய்தார்கள். மாடியில் உள்ள தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு மிதவை, ஒரு சிறிய பலகை, ஒரு சிம். தண்ணீர் குறைந்தால் மெசேஜ். மாஷா அல்லாஹ், முதல் நாளே வேலை செய்தது. எல்லோரும் கைதட்டும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “சேர், மெசேஜ் வந்த பிறகு ஆர் மேலே ஏறுறது?”

இந்தக் கேள்வியோடு எங்கள் நாட்டுக்கு வருவோம்.

கிழக்கில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு ஆரம்பக் கூட்டம் தெரிந்திருக்கும். பெரும்போகம் தொடங்க முன் விவசாயிகள், அதிகாரிகள் எல்லோரும் கூடி, எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது, எந்தத் திகதிக்கு முன் மாடுகளை வயற்காணியில் இருந்து அப்புறப்படுத்துவது என்று முடிவெடுப்பார்கள். அந்தத் திகதிக்குப் பின் வயலுக்குள் நிற்கிற மாடு கட்டாக்காலி. பட்டிக்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டோர மேய்ச்சல் தரைக்குப் போவார். அறுவடை முடிந்தால் அதே மாடு அதே வயலுக்குத் திரும்பி வைக்கோல் தின்னும், எருப் போடும். வேலி நிரந்தரம் இல்லை, போகத்தோடு வந்து போகும். பார்த்துக்கொள்ள வட்டவிதானை. வாய்க்காலும் அவர் பொறுப்பு, வேலியும் அவர் பொறுப்பு. எவன் தன் பங்கு வேலியை அடைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும், அவனுக்கும் அவரைத் தெரியும்.

வெள்ளைக்காரன் இதைப் படைக்கவில்லை, ஆனால் இதன் பெறுமதியை விளங்கிக்கொண்டான். கவர்னர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நெற்செய்கையின் பழைய வழக்கங்களை உயிர்ப்பித்துச் சட்டபலம் கொடுத்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தியதும் அவர் காலத்தில்தான். 1958இன் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறையை எடுத்துவிட்டுச் செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. சட்டத்தில் போனாலும் கிழக்கில் வட்டவிதானை என்ற சொல் போகவில்லை.

மேய்ச்சல் தரையைப் பார்க்கிறவன் யாருக்குப் பொறுப்பு என்பது எங்கள் மார்க்க வரலாற்றிலும் வருகிறது. உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் காலத்தில் அரசாங்கத்துக்கென ஒதுக்கிய மேய்ச்சல் நிலம் ‘ஹிமா’. அதற்குக் காவலாக ஹுனை என்பவரை வைத்தார்கள். புஹாரியில் வருகிற செய்தி. கொஞ்ச ஒட்டகம், கொஞ்ச ஆடு வைத்திருப்பவனை உள்ளே விடு, பெரும் செல்வந்தர்களின் மந்தையை விடாதே என்பது அவருக்கான உத்தரவு. காரணமும் சொன்னார்கள்: பணக்காரரின் மந்தை செத்தால் அவருக்குத் தோட்டமும் பேரீச்சையும் இருக்கிறது, ஏழையின் மந்தை செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலுக்கு வருவான். எந்த மாடு எந்தக் கோட்டைத் தாண்டியது என்று கழுத்துப்பட்டி சொல்லும். யாருடைய மாட்டுக்கு வழிவிடுவது என்பதை ஒரு மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும். வட்டமடுவில் தமிழ்ப் பண்ணையாளர்களும் முஸ்லிம் விவசாயிகளும் ஒரே நிலத்தை மேய்ச்சல் தரை என்றும் வயற்காணி என்றும் சொல்லிக்கொண்டு எத்தனை வருடம் இழுபட்டார்கள் என்பது அக்கரைப்பற்றுச் சொந்தங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஏழைகள். அங்கே ஆயிரம் உணரி நட்டாலும், யார் சொல்லை இரண்டு பக்கமும் கேட்கும் என்பது தீராமல் ஒன்றும் நடக்காது. இது எங்கள் அபிப்பிராயம், கோபிப்பவர்கள் கோபிக்கலாம்.

யானை வேலிக் கதை இதைவிடத் தெளிவு. 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். நாடு முழுக்க இன்று ஓடுகிற மின்வேலி 4,500 கிலோமீற்றருக்கு மேல். அந்த முயல் வேலியைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இவ்வளவு வேலி இருந்தும் 2019இல் மட்டும் 405 யானைகளும் 121 மனிதர்களும் செத்தார்கள். ஏன்?

கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் வருடக்கணக்காக ஒரே விடயத்தைச் சொல்லி வருகிறார்கள். அரச வேலிகளில் பல, வனசீவராசிகள் திணைக்களத்தின் காடும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காடும் சந்திக்கிற எல்லையில் போடப்பட்டவை. இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. யானைக்குத் திணைக்கள எல்லை தெரியாது. வேலிக்குப் பக்கத்தில் வீடும் இல்லை, வயலும் இல்லை. அது விழுந்தால் அன்று இரவு தூக்கம் கெடுகிறவர் யாரும் இல்லை. மாற்றாக அவர்கள் முன்வைத்தது, கிராமத்தைச் சுற்றிக் கிராமமே பராமரிக்கிற வேலி, வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போட்டு அறுவடைக்குப் பின் கழற்றுகிற வேலி. காசு சேர்ப்பதும், புல் வெட்டுவதும், இரவில் வோல்ற்றுப் பார்ப்பதும் விவசாயிகளே. ஆரம்பக் கூட்டமும் வட்டவிதானையும் மின்சாரத்தோடு திரும்பி வந்தது போல. அவை நின்று பிடித்தன. பிரிதிவிராஜ் பெர்னாண்டோவின் தலைமையில் ஒரு குழு 2020 டிசம்பரில் தேசியத் திட்டம் ஒன்றைக் கையளித்தது, அதன் நடுப்பகுதியே இந்த வேலிகள்தான். நடைமுறைப்படுத்துவது நத்தை வேகத்தில்.

கடைசியாக நெடுந்தீவு. வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு அது ஊர் அல்லது ஊருக்குப் பக்கத்து ஊர், ஆகவே கவனமாக எழுதுகிறோம். போர்த்துக்கேயர் அதைப் பசுக்களின் தீவு என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். ஒல்லாந்தர் டெல்ப் என்று தங்கள் நகரத்தின் பெயரை வைத்தார்கள். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் தட்டை நிலம், நாலு பக்கமும் கடல். அன்னியர் ஆட்சியில் அது குதிரை வளர்க்கும் இடமானது. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி அதை நடத்தினார். கடல்தான் வெளிவேலி, வேறு காவல் தேவையில்லை. உள்வேலி, தீவார் அடுக்கிய முருகைக்கல் மதில்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, கல்லின் மேல் கல். குதிரையும் மாடும் தோட்டத்துக்குள் வராமல் இன்றும் மறிப்பவை அவைதான். அறபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரமும் அங்கே நிற்கிறது, எங்கள் ஆட்கள் போனால் முதலில் படம் எடுப்பது அதன் கீழ்தான்.

பண்ணை முடிந்தது, ஆள் போனார்கள், குதிரைகள் நின்றன. இப்போது காட்டுக் குதிரைகள். வேலி இன்னும் நல்ல வேலி. பிரச்சினை தண்ணீர். மழை நீர் நிலத்துக்குள் இறங்கி, உவர் நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதுதான் கிணற்று நீர். கோடையில் அது கீழே போகும், கூட இறைத்தால் உப்பு ஏறும். குளங்கள் வற்றினால் குதிரைகள் சாகின்றன. சாகத் தொடங்கிய பிறகு பத்திரிகையில் படம் வரும், அதன் பிறகு பவுசரில் தண்ணீர் போய்த் தொட்டிகள் நிரம்பும். மனிதருக்கே குடிநீர் அளந்து கிடைக்கிற தீவில் குதிரைக்கு யார் ஊற்றுவது என்று தீவார் கேட்டால் அதுவும் நியாயம்.

ஒரு தொட்டிக்கு ஒரு அழுத்தமானி, தீவின் நடுவில் ஒரு அன்டெனா. தட்டை நிலம், மறைக்க மலை இல்லை, லோராவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. எங்கள் பிள்ளைகளே செய்து கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ். ஆனால் குறிகாட்டுவானில் இருந்து படகில் ஒரு மணித்தியாலம், கடல் பெருத்தால் அதுவும் இல்லை. தென்பக்கத் தொட்டி காய்ந்தது என்ற செய்தி கொழும்புக்கு ஒரு வினாடியில் வந்து என்ன பயன்? பிரதேச சபையா, பிரதேச செயலகமா, மிருக வைத்தியரா, இல்லை அந்தத் தொட்டிக்குப் பக்கத்து வளவுக்காரரா, எந்த இலக்கத்தை முதலில் போடுவது? பவுசருக்கு டீசல் அடிக்கிற காசு எந்தக் கணக்கில்?

நெடுந்தீவு ஆட்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பெரியவர்களிடம் இரண்டு விடயம் கேட்டுச் சொல்லுங்கள். முன்பு கல்வேலி சரிந்தால் யார் அடுக்கினார்கள், காணிக்காரரா, மாடு வைத்திருந்தவரா? கோடையில் மாட்டுக்கும் குதிரைக்கும் கிணற்றில் இருந்து இறைத்து ஊற்றும் முறை யார் யாருக்கு இருந்தது? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தத் தவணைச் செயற்றிட்டத்துக்கு எழுதிவைக்கக் காத்திருக்கிறார்கள். தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் மிதவைகளை அதன் பிறகு செய்யட்டும்.